பச்சையிலிருந்து நீலத்துக்கு... கோடைக்குத் தயாராகும் ஈ.சி.ஆர் வீட்டு நீச்சல் குளங்கள்!

திருவான்மியூரைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகப் போக, கோடைக்கான அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். சாலையோரம் தர்பூசணிக் குவியல்கள் முளைக்கும். இளநீர்க் கடைகளில் கூட்டம் கூடும். உத்தண்டி டோல்கேட்டில் சனிக்கிழமை காலை வரிசை நீளும். இதெல்லாம் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படுபவை.

கண்ணில் படாத ஓர் அறிகுறியும் இருக்கிறது. பொங்கல் முடிந்து மாசி பிறந்ததும், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானாத்தூர், முட்டுக்காடு என்று வரிசையாக, உயரமான காம்பவுண்டு சுவர்களுக்குப் பின்னால் மோட்டார்கள் உறும ஆரம்பிக்கும். நீளக் குழாயின் நுனியில் வலையைக் கட்டிக்கொண்டு ஒருவர் சவுக்கு இலைகளை அள்ளிக்கொண்டிருப்பார். நாலு மாதமாக யாரும் எட்டிப் பார்க்காத நீச்சல் குளங்கள் கோடைக்குத் தயாராகின்றன.

ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, இந்தப் பக்கம் மணலும் சவுக்கும் பனையும்தான். பிறகு சினிமாக்காரர்களின் தோட்ட வீடுகள் வந்தன. தொழிலதிபர்களின் பீச் ஹவுஸ்கள் வந்தன. இப்போது வார இறுதிக்கு வாடகைக்கு விடும் 'பூல் வில்லா'க்கள் வந்துவிட்டன. பிறந்தநாளுக்கு, காலேஜ் நண்பர்கள் சந்திப்புக்கு, கல்யாணத்துக்கு முந்தைய ஹல்திக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு குளம் தேவைப்படுகிறது. போட்டோவில் நீலமாகத் தெரியும் அந்தத் தண்ணீர் பிப்ரவரியில் எந்த நிறத்தில் இருந்தது என்று வாடகைக்கு எடுப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் இருப்பது நல்லதுதான்!

நீச்சல் குளம் குட்டையாகும் கதை

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஈ.சி.ஆர் பங்களாக்களுக்கு ஆட்கள் வருவது குறையும். வீட்டுக்காரர் அண்ணா நகரிலோ, வெளிநாட்டிலோ இருப்பார். கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். குளோரின் இல்லாத தண்ணீரில், நம் ஊர் வெயிலில், பாசி பிடிக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. சில நாள்களே போதும்.

சவுக்கு மரத்தின் ஊசி இலைகள்தான் இங்கே முதல் எதிரி. மெல்லியதாக இருப்பதால் சாதாரண வலையில் நிற்காது. ஸ்கிம்மர் எனப்படும் ஓரத்து வாய் வழியாக உள்ளே போய், மோட்டாருக்கு முன்னால் இருக்கும் வடிகூடையில் பந்து பந்தாக அடைத்துக்கொள்ளும். வேப்பமரம் இருந்தால் பங்குனி, சித்திரையில் பூவும் சேர்ந்து கொட்டும். தவளைகள் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் நீந்தும். அதைக்கூட ரசிக்கலாம். ஆனால் கொசுப்புழுக்கள்? கிணறுகளில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன்களை விடுவது சென்னை மாநகராட்சியின் பழைய வழக்கம். பூட்டிக் கிடக்கும் பங்களாவுக்குள் யார் போய் மீன் விடுவார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனவர் குப்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் குளம் கொசு வளர்க்கிறது.

"தண்ணிய இறக்கிடலாமா?"

குளத்தின் நிறத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இந்தக் கேள்விதான். மொத்தத் தண்ணீரையும் வெளியேற்றி, தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீர் அடித்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் அல்லவா?

கொஞ்சம் கணக்குப் போடலாம். 30 அடி நீளம், 15 அடி அகலம், சராசரியாக 4 அடி ஆழம். ஈ.சி.ஆரில் இது ஒன்றும் பெரிய குளம் இல்லை. இதன் கொள்ளளவு சுமார் 51,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் நாலு லாரி வந்தும் கொஞ்சம் குறையும். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவு. அந்தக் கணக்கில், இந்தக் குளத்துத் தண்ணீர் ஒரு மனிதருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் வரும்.

2019 கோடையை சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஜூலையில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்த முதல் ரயில் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. ஐம்பது பங்களாக் குளங்களை நிரப்பினால் அந்த ரயில் காலி!

லாரித் தண்ணீர் வானத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்தோ, வயல்வெளி போரிலிருந்தோ வருகிறது. 'சரி, லாரி வேண்டாம், சொந்த போர் இருக்கிறதே' என்பவர்களுக்கு ஈ.சி.ஆரின் மண் வேறொரு பதில் வைத்திருக்கிறது.

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரையிலான நிலம் உண்மையில் ஒரு மணல் பட்டை. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். நடுவில் இருக்கும் மணல் மேடு மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அந்த நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. நிலத்தடி நீரியலில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடியை உறிஞ்சி எடுத்தால், நாளடைவில் கீழே உப்பு 40 அடி ஏறும். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-லேயே தனிச் சட்டம் வந்ததற்கு இந்தக் கடலோரத்தில் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், குளத்தையே காப்பாற்றுவது பற்றியது. மழை முடிந்த தை, மாசியில் இந்த மணல் பட்டையில் நிலத்தடி நீர் மிக உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் குளத்தை முழுசாகக் காலி செய்தால் என்ன ஆகும்? காலிக் குளம் ஒரு படகு. கீழே இருக்கும் தண்ணீர் அதை மேலே தள்ளும். மேலே சொன்ன அளவுள்ள குளத்தின் அடித்தளத்தைவிட 3 அடி உயரத்தில் நிலத்தடி நீர் இருந்தால், மேல்நோக்கித் தள்ளும் விசை கிட்டத்தட்ட 38 டன். கான்கிரீட் குளம் விரிசல் விடும். டைல்ஸ் பெயரும். ஃபைபர் கிளாஸ் தொட்டியாக இருந்தால் அப்படியே எழும்பிவிடவும் கூடும். ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்கப் போய் லட்சக்கணக்கில் செலவு வைக்கும் வேலை இது. அப்படியே இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் மே மாதக் கடைசியில், கிணற்றில் தண்ணீர் நன்றாகக் கீழே போனபிறகு, விவரம் தெரிந்த ஆளை வைத்துச் செய்ய வேண்டும்.

வந்த மழையை வெளியே கொட்டுவானேன்?

பிப்ரவரியில் குளத்தில் கிடக்கும் அந்தப் பச்சைத் தண்ணீர், ஈ.சி.ஆரில் கிடைக்கும் தண்ணீரிலேயே நல்ல தண்ணீர்களில் ஒன்று. நம்ப முடியவில்லையா?

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. 450 சதுர அடிக் குளத்தின் மேல் மட்டும் ஒரு வருடத்தில் நேரடியாகப் பெய்யும் மழை சுமார் 58,000 லிட்டர். அதாவது குளத்தின் கொள்ளளவைவிட அதிகம்! இதில் ஒரு பகுதி வழிந்து ஓடிவிடும், ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும். ஆனாலும் மழைக்குப் பிறகு குளத்தில் நிற்பதில் கணிசமான பங்கு மழைநீர்தான். கடலோர போர் தண்ணீரில் இருக்கும் உப்போ சுண்ணாம்போ மழைநீரில் கிடையாது. டைல்ஸில் வெள்ளைக் கோடு போடாது.

இதை இறைத்து சாலையோர வடிகாலில் விட்டுவிட்டு, உப்புத் தண்ணீரை போரிலிருந்து ஏற்றி, பிறகு டைல்ஸில் படிந்த கறையை ஆசிட் போட்டுத் தேய்ப்பதைப்போல வேடிக்கை வேறில்லை. பாசியும் இலையும்தான் பிரச்னை. இரண்டையும் தண்ணீரிலிருந்து பிரித்துவிட முடியும்.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 1,30,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்குகிறதா அல்லது அதிகாரிக்குக் காட்ட சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதை குளம் சுத்தம் செய்யும் அதே நாளில் பார்த்துவிடலாம். குளத்துக்கு கோடையில் ஊற்ற வேண்டிய தண்ணீர் அங்கேதான் இருக்கிறது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே 200 லிட்டருக்கு மேல் போய்விடும்.

நாலு நாள் வேலை

பச்சைக் குளத்தை நீலமாக்க பொறுமையாகச் செய்தால் மூன்று, நாலு நாள் ஆகும். வரிசை மாறினால் மருந்தும் காசும்தான் கரையும்.

முதலில் அள்ளுவது. வலையால் மேலே மிதப்பதையும் அடியில் மட்கிக் கிடப்பதையும் எடுத்துவிட வேண்டும். அடியில் ஒரு கூடை இலை கிடந்தால், போடுகிற குளோரின் அதைத் தின்பதிலேயே தீர்ந்துவிடும். சுவர்களை பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். வழுவழுப்பான பாசிப் படலம் உடைந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மோட்டார் காற்றை உறிஞ்சும்.

அடுத்தது மோட்டார் ரூம். வடிகூடையைக் கழுவி, மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்து, வறண்டு வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஃபில்டரில் இருப்பது மணல்தான். தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு அந்த மணலைக் கழுவுவதை 'பேக்வாஷ்' என்பார்கள். பிரஷர் மீட்டரில் வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ கூடியிருந்தால் பேக்வாஷ் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். வால்வைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்த வேண்டும். ஓடும்போது திருப்பினால் வால்வு போய்விடும். மூன்று நிமிட பேக்வாஷில் 600 லிட்டர் வரை வெளியேறலாம். அதனால் தினம் தினம் பேக்வாஷ் செய்வது சுத்தமல்ல, வீண்.

பிறகுதான் மருந்து. இங்கே நிறைய பேர் நேராக குளோரினில் கை வைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பி.ஹெச் அளவு. அது 7.2-லிருந்து 7.6-க்குள் இருப்பது நல்லது. 7.2-ல் இருக்கும்போது குளோரினில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்கு ஏறினால் அது ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும். அதே குளோரின், அதே செலவு. ஆனால் வேலை செய்யாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சின்ன டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவைத்தால், அது காப்பாற்றும் மருந்துச் செலவிலேயே அதன் விலை திரும்பிவிடும்.

பி.ஹெச் சரியானதும், சூரியன் இறங்கியபிறகு குளோரின். பகலில் போட்டால் வெயிலே பாதியைத் தின்றுவிடும். பச்சைத் தண்ணீருக்கு 10 பி.பி.எம் அளவு தேவை என்று வைத்துக்கொண்டால், 51,000 லிட்டருக்கு 65 சதவிகித கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 800 கிராம். சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் ஒன்றரை கிலோ, அதுவும் புதிதாக இருந்தால். கடற்காற்றில் போன வருடத்திலிருந்து வாய் திறந்து கிடந்த மூட்டையில் பவுடர் இருக்கும், பவர் இருக்காது. இரவு முழுவதும் மோட்டார் ஓட வேண்டும்.

காலையில் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த வெள்ளைக்கு மாறியிருந்தால் பாசி செத்துவிட்டது. அந்தத் தூளை அடியில் படியவைக்க நம் பாட்டிகளுக்குத் தெரிந்த பொருள்தான் வர வேண்டும், படிகாரம். குடத்துத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றித் தெளியவைத்த அதே வித்தைதான் இங்கும். கரைத்து ஊற்றி, சிறிது நேரம் சுழலவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு ஓர் இரவு தண்ணீரை ஆடாமல் விட வேண்டும். மறுநாள் அடியில் கம்பளிபோலப் படிந்திருக்கும். அதை ஃபில்டருக்குள் விடாமல், வேக்குவம் குழாய் வழியாக நேராக வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டு அடியைக் கலக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். படிகாரம் பி.ஹெச்சைக் கீழே இறக்கும் என்பதால் கொஞ்சம் சோடா ஆஷ் போட்டு மேலே கொண்டுவருவார்கள்.

கடைசியில் குளோரின் அளவு 1-லிருந்து 3 பி.பி.எம்-க்குள் இறங்கி, ஆழமான பகுதியின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிந்தால் இறங்கலாம். அடி தெரியாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. அழகுக்காகச் சொல்லும் விதி அல்ல இது. கலங்கிய தண்ணீரில் மூழ்கியவர் இருக்கும் இடம் மேலே நிற்பவருக்குத் தெரியாது.

ஒரே வாளியில் இரண்டு மருந்தா?

இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து பங்களாக்களை வாரம் ஒரு முறை சுற்றிவரும் இளைஞர்கள். பைக்கின் முன்னால் ஆசிட் கேன், பின்னால் குளோரின் வாளி. பார்க்கவே பகீரென்று இருக்கிறது. ஆசிட்டும் குளோரினும் கலந்தால் விஷவாயு கிளம்பும். மூடிய மோட்டார் ரூமில் அது நடந்தால் வெளியே ஓடவும் நேரம் இருக்காது. குளோரினிலேயே இரண்டு வகையை (மாத்திரையாக வருவதையும் தூளாக வருவதையும்) ஒரே வாளியில் போட்டு ஈரம் பட்டால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். எந்த மருந்தாக இருந்தாலும் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு மருந்து. மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கையுறையும் கண்ணாடியும் வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டியவை. இத்தாலியன் மார்பிளுக்குச் செலவழித்தவருக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை பெரிய செலவாக இருக்காது.

அதேபோல கரன்ட். தண்ணீருக்குள் எரியும் விளக்குகள் 12 வோல்ட்டில்தான் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி, பூல் மோட்டாருக்கும் விளக்குக்கும் கட்டாயம். கடற்காற்று இரும்பை மட்டுமல்ல, ஒயர் இணைப்புகளையும் எர்த் கம்பியையும் அரிக்கும். போன கோடையில் நன்றாக இருந்தது என்பது இந்தக் கோடைக்கு உத்தரவாதம் இல்லை. ஏணியும் அப்படித்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது ஈ.சி.ஆரில் செல்லாது. 304 வகையில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். 316 வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

திங்கள் முதல் வெள்ளி வரை

வார இறுதியில் குளத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். மற்ற ஐந்து நாள்களில் அந்த வீட்டில் இருப்பது பின்பக்க அறையில் குடியிருக்கும் வாட்ச்மேன் குடும்பம்தான். கணவர் கேட்டில், மனைவி தோட்டத்தில் அல்லது அடுப்படியில். அவர்களின் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பெரிய வீட்டில் ஓடி விளையாட எல்லா இடமும் உண்டு, குளத்தின் விளிம்பு உட்பட.

'குழந்தைகள் ஜாக்கிரதை' என்று போர்டு வைக்கும் பங்களாக்கள், வருகிற விருந்தினர்களின் குழந்தைகளைத்தான் நினைத்து வைக்கின்றன. போர்டு படிக்கத் தெரியாத, தினமும் அங்கேயே இருக்கிற குழந்தைக்கு வேலி வேண்டும். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி குறைந்தது 1.2 மீட்டர் உயரத் தடுப்பும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். பிரான்சில் 2003-ல் சட்டம் வந்தது. இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் 30,000-க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறப்பதாக அரசின் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. இதில் பெரும்பகுதி ஆறு, ஏரி, கிணறுகளில்தான். ஆனால் அந்தக் கிணறுகளுக்குக்கூடக் கைப்பிடிச் சுவர் கட்டிய ஊர் இது. குளத்துக்கு மட்டும் 'வியூ' கெட்டுவிடும் என்று சுவர் வேண்டாம் என்கிறோம்.

ஆவியாவதைத் தடுக்க மேலே விரிக்கும் பிளாஸ்டிக் உறை நல்ல விஷயம்தான். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் அது தரை இல்லை. அதன் மேல் கால் வைக்கும் குழந்தையை அது சுருட்டிக்கொண்டு உள்ளே இழுத்துவிடும். வேலிக்குப் பதிலாக உறையை நம்பக் கூடாது.

அடியில் இருக்கும் வடிகால் மூடியையும் இந்த நாலு நாள்களில் கையால் அசைத்துப் பார்த்துவிட வேண்டும். மூடி உடைந்த ஒற்றை வடிகால், மோட்டாரின் உறிஞ்சும் விசையில் நீளமான முடியையோ, சின்னக் கையையோ பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2007-ல் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், வாடகைக்கு வருபவர்களுக்கும் காட்டிவிட வேண்டும்.

மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கை ஆட்டிக் கத்தாது. சத்தமே இல்லாமல் நடந்து முடிந்துவிடும். வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தொங்கவிடுவது, தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்று நம் ஊரில் செய்வதெல்லாம் பொன்னான நிமிடங்களை வீணாக்குபவை. மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். இதை ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பயிற்சிக்கு வீட்டுக்காரருக்கு முன் போக வேண்டியவர்கள் வாட்ச்மேனும் அவர் மனைவியும்.

மொட்டை மாடியில் ஒரு குட்டிக் குளம்

ஈ.சி.ஆரில் பங்களா இல்லாத நமக்கு? காற்றடிக்கும் பிளாஸ்டிக் குளங்கள் இருக்கின்றனவே! ஏப்ரலில் சென்னை அபார்ட்மென்ட் மாடிகளில் அவைதான் கோடை வாசஸ்தலம். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 6 அடி விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஓர் அடி தண்ணீர் நிரப்பினால் 800 லிட்டர். அதாவது 800 கிலோ. ஒரு சின்ன காரை மாடியில் நிறுத்துவதுபோல. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு வைத்திருக்கும் சுமை அளவு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஓர் அடி தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 300 கிலோ. பழைய கட்டடமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தரைத் தளத்தில் வைப்பதே நல்லது.

சிறுசுகளுக்கு முக்கால் அடி ஆழத்துக்குள்ளேயே கொண்டாட்டம் வந்துவிடும். பக்கத்தில் பெரியவர் ஒருவர், கையில் போன் இல்லாமல் உட்கார வேண்டும். சாயங்காலம் அந்தத் தண்ணீர் செடிகளுக்கு. இதற்கு குளோரினும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம்.

ஞாயிறு இரவு

கோடையில் ஒரு வார இறுதி முடிந்ததும் குளத்தைப் பார்த்தால், தண்ணீர் மட்டத்தில் டைல்ஸ் முழுக்க ஒரு வழுவழுப்பான கோடு இருக்கும். சன்ஸ்கிரீன், அதோடு தலையில் வைத்த தேங்காய் எண்ணெய். ஹல்தி நடந்திருந்தால் மஞ்சளும் சேர்ந்திருக்கும். 'என்ன குளோரின் நாற்றம்!' என்று மூக்கைப் பிடிப்பார்கள் சிலர். உண்மையில் அந்த நெடி குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வையோடும், இறங்கியவர்களில் யாரோ அடக்க முடியாமல் விட்டதோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் வேறொரு பொருளின் நெடி அது. இறங்கும் முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே இதில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

கார்கள் ஒவ்வொன்றாக சென்னைப் பக்கம் திரும்பும். அக்கரை சிக்னலில் நெரிசல் கூடும். வாட்ச்மேன் குளத்து விளக்கை அணைத்துவிட்டு, கேட்டைப் பூட்டிவிட்டு, குளோரின் போட்டு மோட்டாரை ஓடவிடுவார். திங்கள் காலை வடிகூடையைத் திறந்தால் சவுக்கு இலைகளுக்கு நடுவே ஒரு பேண்ட் எய்ட், இரண்டு ஹேர் கிளிப், யாருடையதோ ஒற்றைக் கம்மல். கம்மலை மட்டும் துடைத்து, கேட் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்திருப்பார். போன் வந்தால் கொடுப்பதற்கு.